சிறைவாசியின் வீடும் பாதிக்கப்பட்டோரின் வீடும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் சமூக நலப் பணிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டுவிட்டது. ஹவுள் பழுதுபார்ப்பு, மதரஸா ஆசிரியர் ஊதியம், மையவாடிச் சுற்றுச்சுவர் ஆகியவை பற்றிய விவாதமும் முடிந்துவிட்டது. பகல் உணவு நேரம் நெருங்குவதை நாமும் அறிவோம். ஆயினும் நமது குழு இவ்வாண்டு முன்வைக்க விரும்பும் ஒரு பணியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது. சிறையில் இருப்பவர்களுக்கும், அவர்கள் செய்த குற்றத்தால் இழப்புக்குள்ளானவர்களுக்கும் இடையே நின்று செய்ய வேண்டிய தொண்டு அது.

மதுரை அரசரடியில் உள்ள மத்திய சிறையின் மதில் நம்மில் பலருக்கு நாள்தோறும் கண்ணில் படுவது. 'மனு' பார்ப்பதற்காகக் கைப்பிள்ளைகளுடன் வந்து காத்திருக்கும் பெண்களையும் பார்த்திருக்கிறோம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி எனச் சுற்று வட்டாரங்களிலிருந்தெல்லாம் பேருந்து ஏறி வருகிறவர்கள் அவர்கள். எந்தக் குற்றமும் செய்யாமலேயே கணவனோடும் மகனோடும் சேர்ந்து தண்டனை அனுபவிப்பவர்கள். இவர்கள் மீது இரக்கம் கொள்வது எளிது; ஏனெனில் இவர்கள் கண்ணெதிரே நிற்கிறார்கள். ஆனால் கொலையுண்டவரின் மனைவியும், வெட்டுப்பட்டுக் கை இழந்தவரும், நகையோடு மகளின் திருமணத்தையும் களவு கொடுத்த தந்தையும் எந்த மதிலுக்கு முன்பும் வரிசையில் நிற்பதில்லை. வழக்கு முடிந்த அன்றே ஊரும் அவர்களை மறந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் சாட்சிக் கூண்டு மட்டுமே.

குற்றம் நடந்தால் எந்தச் சட்டம் மீறப்பட்டது, யார் மீறியவர், என்ன தண்டனை என்று கேட்பது வழக்கமான நீதிமுறை. யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அவருக்கு என்ன தேவை, அதனை ஈடுசெய்யும் கடமை யாருக்கு உண்டு என்று கேட்பது வேறொரு முறை. இதனைச் 'சீரமைப்பு நீதி' என்று அழைக்கலாம். முதல் முறைக்கு மாற்றாக அன்றி, அது தொடாமல் விட்டுவிடும் இடத்தைத் தொடுவதற்காகவே இது ஏற்பட்டது.

இதன் வேர் நமக்கு அந்நியமானதன்று. கொலைக்குற்றத்தில் பழிக்குப்பழி கோருவதா, ஈட்டுத்தொகையான தியத்தைப் பெறுவதா, அறவே மன்னித்துவிடுவதா என்று தீர்மானிக்கும் உரிமையை நம் ஷரீஅத் கொலையுண்டவரின் வாரிசுகளுக்கே அளித்திருக்கிறது. மன்னிப்பு வழங்கப்பட்டால் அதன்பின் இரு தரப்பாரும் எத்தகைய நேர்மையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது சூரத்துல் பகராவின் 178ஆம் வசனத்தில் சொல்லப்படுகிறது. இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உரிமை அரசனுக்கோ, ஊர்ப் பெரியவர்களுக்கோ, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கோ தரப்படவில்லை. இழந்தவருக்கு மட்டுமே உரியது. ஆகவே எவரிடமும் சென்று, நீங்கள் மன்னித்துவிட்டால் நன்மை கிடைக்கும் என்று நெருக்குவதற்கு நமக்கு இடமில்லை. அநீதி இழைத்த சகோதரனுக்கும் உதவ வேண்டும் என்றும், அவனைத் தடுத்து நிறுத்துவதே அந்த உதவி என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை உலமாக்கள் பலமுறை நமக்கு எடுத்துரைத்திருக்கிறார்கள். சிறைவாசியிடம் நாம் செல்வது அந்தக் கருத்தில்தான். அவர் செய்தது சரி என்று சொல்வதற்காக அன்று.

நாட்டின் சட்டத்தையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியச் சட்டத்தில் கொலை என்பது அரசுக்கு எதிரான குற்றம். இரு குடும்பங்களும் சமாதானமானாலும் அவ்வழக்கை முடித்துக்கொள்ள இயலாது. சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்கள் எவை என்பதை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு பட்டியலிட்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 359ஆம் பிரிவாக உள்ளது. மேலும், பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம் போலச் செயல்படும் ஷரீஅத் கவுன்சில்களுக்கு 2016 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்ததை நாம் அறிவோம். எனவே நமது பணி தீர்ப்புச் சொல்வதோ, கட்டப் பஞ்சாயத்துச் செய்வதோ, சாட்சியைக் கலைப்பதோ ஆகாது. இதில் ஓர் இம்மி பிசகினாலும் பணியும் கெடும், ஜமாஅத்தின் பெயரும் கெடும்.

பிற நாடுகளில் இம்முறை எவ்வாறு தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். 1974ஆம் ஆண்டு கனடாவின் எல்மிரா என்னும் சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் 22 இடங்களில் பொருட்களைச் சேதப்படுத்தினர். அவர்களின் வழக்கைக் கவனித்த மார்க் யான்சி என்ற நன்னடத்தை அலுவலர், இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் என்ன என்று நீதிபதிக்கு யோசனை கூறினார். அவரும் ஒரு தன்னார்வலரும் உடன்செல்ல, இளைஞர்கள் ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டித் தம்மை யாரென்று சொல்லி, சேதத்தைக் கேட்டறிந்து, பின்னர் பணத்தையும் கட்டினர். அவ்விருவரில் ஒருவர் பிற்காலத்தில் இதே பணியில் தன்னார்வலரானார். 1989இல் நியூசிலாந்து, மாவோரி மக்களின் குடும்பக் கூட்ட மரபைத் தழுவிச் சிறார் வழக்குகளுக்குச் சட்டமே இயற்றியது. 2002இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார சமூக மன்றம் இதற்கான அடிப்படை நெறிகளை வெளியிட்டது.

எனினும் நம் நாட்டில் நடந்த ஒன்றே நமக்கு அதிகம் கற்றுத் தருகிறது. கேரளத்தைச் சேர்ந்த ராணி மரியா என்ற கன்னியாஸ்திரி மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயத் தொழிலாளர்களிடையே பணியாற்றி வந்தார். 1995 பிப்ரவரி 25ஆம் நாள் பேருந்தில் பயணம் செய்துகொண்டிருந்த அவரைச் சமந்தர் சிங் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார். ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறையில் அவரைச் சந்திக்கத் தொடங்கினார் சுவாமி சதானந்த் என்றழைக்கப்பட்ட ஒரு துறவி. ஒரே சந்திப்பில் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. பலமுறை சென்றார். சிறைவாசியின் கோபமும் கசப்பும் தணியும் வரை சென்றார். 2002ஆம் ஆண்டு ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை சிறைக்குச் சென்று, தம் அக்காளைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டினார். குடும்பத்தார் அவரது விடுதலைக்கு ஆதரவாக நின்றதால் 2006இல் அவர் வெளியே வந்தார். பின்னர் கேரளத்தில் புல்லுவழி கிராமத்திற்குச் சென்று அந்தப் பெற்றோரைச் சந்தித்தார்.

செய்தித்தாள்களில் ராக்கியின் படம் வந்தது. அந்தத் துறவி சிறை வாசலில் காத்திருந்த நாட்களுக்குப் படம் இல்லை. தன்னார்வலரின் வேலை என்பது அந்தக் காத்திருப்புத்தான்.

2017 நவம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன் நகர நீதிமன்றத்தில் அப்துல் முனிம் சொம்பாத் ஜித்முத் என்ற முதியவர் பேசினார். பீட்சா கொண்டு சென்ற இடத்தில் 2015இல் கொலையான ஸலாஹுத்தீன் என்ற 22 வயது இளைஞரின் தந்தை அவர். இஸ்லாமியப் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்தவர். குற்றவாளியை மன்னிப்பதாக அறிவித்து, அவரைக் கட்டியணைத்தார். நீதிபதி கண்ணீருடன் அவையை ஒத்திவைத்தார். பின்னர் 31 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மன்னிப்பும் நிகழ்ந்தது, தண்டனையும் நின்றது. நாம் சொல்ல விரும்பும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இனி மதுரைக்கு வருவோம். நம் மக்கள் சிறைவாசிகளுக்காக வாரி வழங்கத் தயங்கியவர்கள் அல்லர். கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒருவரை சவூதியில் மரண தண்டனையிலிருந்து காக்க 2024 ஏப்ரலில் 34 கோடி ரூபாய் தியத் திரண்டது. எல்லா மதத்தாரும் கொடுத்தனர். நோன்புக் காலத்தில் சிறைக்குள் இருப்போருக்காக உணவுப் பொருள் திரட்டுவதும் ஜமாஅத்துகளின் வழக்கம்தான். நீண்ட காலம் சிறையில் வாடும் முஸ்லிம் ஆயுள் கைதிகளின் முன்விடுதலை பற்றி நம் மேடைகளில் பேசப்பட்டது போல வேறெதுவும் பேசப்பட்டிருக்காது. அக்கோரிக்கை நியாயமானதே. ஆனால் 1997 நவம்பரில் கோவையில் கொல்லப்பட்ட காவலரும், அதனைத் தொடர்ந்த கலவரத்தில் கொல்லப்பட்ட 18 முஸ்லிம்களும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் மாண்ட 58 பேரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைகளே. அவர்களின் வீடுகளைப் பற்றிய ஒரு சொல்லும் இல்லாமல் விடுதலையை மட்டும் பேசும்போது, கேட்பவர் காதில் அது ஒரு பக்கத்தின் குரலாகவே விழுகிறது. ஒரு சமூகத்தின் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது திருக்குர்ஆன் நமக்கிட்ட கட்டளை. ஆகவே இழப்பு எந்த மதத்தவர் வீட்டில் நேர்ந்தாலும் அவ்வூர்ப் பெரியவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு நாம் செல்ல வேண்டும் என்று இக்குழு கருதுகிறது.

அவ்வீட்டிற்குச் சென்று என்ன செய்வது? முதலில் அமர்ந்து கேட்பது. அதற்கடுத்து, அவர்களுக்கு உரிய உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அரசே இழப்பீடு வழங்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த 357-அ பிரிவால் சட்டமாயிற்று. புதிய சட்டத்தில் அது 396ஆம் பிரிவு. தமிழகத்தில் 2013இல் இதற்கெனத் திட்டம் வகுக்கப்பட்டது. பெண்களுக்கென தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் வகுத்த திட்டத்தின்படி, உயிரிழப்புக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்கப்படாத நிலையிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்யலாம். இது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று, வாரிசுச் சான்று எனத் தேடி அலைந்து சலித்துவிடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் இருசக்கர வாகனத்துடன் நான்கு நாட்கள் அலைந்தால் முடியக்கூடிய வேலை இது. இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணை நம் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

சிறைவாசியின் உழைப்பும் இதில் சேர்கிறது. சிறைவாசிகளுக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும், அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டோருக்கென ஒதுக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்று குஜராத் வழக்கில் 1998இல் உச்சநீதிமன்றம் கூறியது. தமிழகச் சிறைகளில் தண்டனைக் கைதிகளின் ஊதியத்தில் 20 விழுக்காட்டைப் பாதிக்கப்பட்டோர் நிதிக்கெனப் பிடித்தம் செய்யும் முறை ஏற்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆயினும் ஒரு குறை. தறியில் உழைத்தவருக்குத் தம் கூலி யாருக்குப் போகிறது என்று தெரிவதில்லை. பெறுகிறவருக்கு அது யாருடைய வியர்வை என்று தெரிவதில்லை. கணக்கில் மட்டும் நிகழும் ஈடு, மனத்தில் ஈடாவதில்லை. அந்த இடைவெளியில் சொல்லெடுத்துச் செல்ல ஆள் வேண்டும்.

சிறைக்குள் செய்ய வேண்டியவை வேறு. சிறைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதி பெற்று, நல அலுவலர் வழியாகவே செல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் எந்தப் பொருளையும், கடிதத்தையும் உள்ளே கொண்டு செல்லலாகாது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே இருப்பவர், தண்டனைக் காலம் முடிந்தும் அபராதம் கட்ட வழியின்றிக் கூடுதல் மாதங்கள் கழிப்பவர் ஆகியோருக்கென ஒன்றிய அரசு 2023இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையிலும், தண்டனைக் கைதியின் அபராதத்திற்கு 25,000 ரூபாய் வரையிலும் அதில் வழி செய்யப்பட்டிருந்தது. அதில் இடம்பெறாதவர்களுக்கு நம் பைத்துல்மாலிலிருந்து உதவலாமா, ஸகாத்தின் எந்த இனத்தில் அது சேரும் என்பதை உலமாக்கள் தீர்மானித்துச் சொல்லட்டும். முதல் முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், உச்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணையிலேயே கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் இதில் தடை உண்டு.

நம் பகுதிக்கு மிக முக்கியமானது பரோல். 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி ஒருவர் விடுப்புக் கோரினால், நன்னடத்தை அலுவலரும் காவல் நிலையத்தாரும் ஊருக்கு வந்து விசாரிப்பார்கள். ஆயுள் கைதி ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் மூன்று நாளோ ஒரு வாரமோ வீடு திரும்புகிறார். அவர் வெட்டியவரின் மகன் இப்போது வாலிபனாகி அதே தெருவில் இருக்கிறான். பழிக்குப் பழி என்ற சொல் இன்னும் வழக்கில் உள்ள இப்பகுதியில் அந்த முதல் இரவு எப்படிக் கழியும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. இருவரும் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்களாக இருந்தால் நிலைமை இன்னும் நெருக்கமானது. ஒரே ஸஃப்பில் தொழ வேண்டியவர்கள். ஒரே மையவாடியில் அடங்க வேண்டியவர்கள்.

2018 மார்ச்சில் மேற்கு வங்கம் ஆசன்சோலில் 16 வயது மகனைக் கலவரத்தில் இழந்த இமாம் இம்தாதுல்லாஹ் ரஷீதி, ஜனாஸாவுக்குத் திரண்ட கூட்டத்திடம், எவரேனும் பழிவாங்கப் புறப்பட்டால் தாம் இந்த ஊரைவிட்டே போய்விடுவதாகச் சொல்லிக் கூட்டத்தை அடக்கினார். அத்தகைய மனவலிமை எல்லாத் தந்தையர்க்கும் வாய்க்காது. வாய்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. விடுப்பு மனுப் பற்றிய விசாரணை வந்த அன்றே பாதிக்கப்பட்ட வீட்டிற்குச் சென்று, அவர்களின் அச்சம் என்ன என்று கேட்டு, அதனை அலுவலரிடம் எடுத்துச் சொல்ல உதவுவதே நம்மால் இயல்வது. அவர்கள் ஆட்சேபித்தால் அதனையும் மதிக்க வேண்டும். சிறைவாசியின் குடும்பத்தார் இதற்காக நம்மீது வருத்தப்படுவார்கள், படட்டும்.

இன்னொரு எல்லைக்கோடு உண்டு. பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் சமரசம், சந்திப்பு என்ற பேச்சே கூடாது. 2015இல் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கு சமரசத்திற்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் இத்தகைய சமரசம் பெண்ணின் கண்ணியத்திற்கு எதிரானது என்று கண்டித்ததை அடுத்து, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. குற்றம் செய்தவனுக்கே மணம் முடித்து வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பேசும் பெரியவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. அவ்வித வழக்குகளில் நம் பணி இழப்பீட்டு மனுவோடும், அப்பெண் விரும்பும் துணையோடும் நின்றுவிட வேண்டும். அதனையும் சகோதரிகளே செய்ய வேண்டும்.

இத்துறையில் நமக்கு முன்னே சென்றவர்கள் இருக்கிறார்கள். 1981இல் கேரளத்தில் குருமட மாணவர்கள் சிலர் தொடங்கிய சிறைப்பணி இயக்கம் இன்று நாடெங்கும் தன்னார்வலர்களைக் கொண்டுள்ளது. பாதிக்கப்பட்டோர் நலனை ஒரு கல்வித் துறையாகவே வளர்த்த பேராசிரியர் கு. சொக்கலிங்கம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அப்பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இயங்கி வருகிறது. பயிற்சி தருமாறு அவர்களை அணுகலாம். கற்றுக்கொள்வதில் நமக்குக் கூச்சம் தேவையில்லை.

ஆகவே இக்குழு பொதுக்குழுவின் முன் வைக்கும் வேண்டுகோள் இதுதான். பன்னிரண்டு பேர் வேண்டும். அவர்களில் நால்வரேனும் சகோதரிகளாக இருத்தல் நலம். ஓய்வுபெற்ற ஆசிரியர், வழக்கறிஞர், அலுவலகப் படிவங்கள் தெரிந்தவர் முன்வந்தால் மகிழ்வோம். ஓராண்டுக்குக் குறையாமல் மாதம் இரண்டு நாட்கள் ஒதுக்க வேண்டும். சிறை வாசலில் நாள் முழுதும் நின்றுவிட்டு, இன்று இல்லை என்று திரும்பி வரும் பொறுமை வேண்டும். கேட்டதை வெளியில் சொல்லாத நாவு வேண்டும். புகைப்படம் எடுப்பதும், முகநூலில் வாட்ஸ்அப்பில் போடுவதும் கண்டிப்பாகக் கூடாது. இந்தப் பணிக்குப் பெயர்ப்பலகையும் வேண்டாம், சால்வையும் வேண்டாம். செல்லும் வீடுகளில் பாதிக்கப்பட்டோர் வீடு முதலாவதாக இருக்க வேண்டும் என்பது விதி.

முதலாண்டில் எந்தச் சந்திப்பையும் ஏற்பாடு செய்வதாக இல்லை. ஐந்து குடும்பங்களுக்கு இழப்பீட்டு மனுவும், ஐந்து சிறைவாசிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் என்ற அளவில் தொடங்கலாம் என்பது குழுவின் எண்ணம். பயணச் செலவுக்கும் படிவச் செலவுக்கும் ஒரு சிறு தொகையை நிர்வாகக் குழு அனுமதிக்குமாறு வேண்டுகிறோம். கணக்கு அடுத்த ஆண்டறிக்கையில் தனிப் பக்கமாக, பெயர்கள் இன்றி, வெளியிடப்படும் இன்ஷா அல்லாஹ்.

விருப்பமுள்ளவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலக அறையில் உள்ள பதிவேட்டில் பெயர் எழுதலாம். சகோதரிகள் மதரஸா ஆலிமாவிடம் கொடுத்துவிடலாம்.